பிணை நிற்பதும் ஓர் அமானிதமே

வெள்ளிக்கிழமை நண்பகல். ஜும்ஆத் தொழுகை முடிந்து மக்கள் கலைந்து செல்லும் வேளை. மண்ணூர்பேட்டையின் பள்ளிவாசல் வாயிலோரம், முந்தானையால் முக்காடிட்ட முதிய தாய் ஒருவர் நிற்கிறார். கையில் மடித்த காகிதம் ஒன்று. அது நீதிமன்ற ஆணையின் நகல். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் வேலை பார்த்த அவருடைய மகன், ஓர் அடிதடி வழக்கில் கைதாகிப் புழல் சிறையில் நாற்பது நாட்களாக இருக்கிறான். நீதிமன்றம் மனமிரங்கி ஜாமீன் வழங்கிவிட்டது. பத்தாயிரம் ரூபாய்க்கு இருவர் பிணை நிற்க வேண்டும். அவர்களுள் ஒருவர் இரத்த உறவாக இருத்தல் வேண்டும் என்பது நிபந்தனை. தாய்மாமன் ஒருவர் வந்துவிட்டார். இரண்டாமவரைத்தான் காணோம்.

"ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், தம்பி. என் பிள்ளை வந்துவிடுவான்" என்று ஒவ்வொருவரிடமும் அந்தத் தாய் இறைஞ்சுகிறார். "இன்ஷா அல்லாஹ், பார்க்கலாம் உம்மா" என்று கூறி ஒவ்வொருவரும் நகர்ந்துவிடுகின்றனர்.

இஃது ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் வரலாறு அன்று. நாம் மனக்கண்ணில் நிறுத்திக்கொண்ட காட்சியே. ஆயினும் மண்ணூர்பேட்டையில் மட்டுமன்று, மஹல்லா உள்ள எவ்வூரிலும் நிகழத்தக்க காட்சி. 'இறைவன் நாடினால்' என்னும் தூய சொல், 'எனக்கு மனமில்லை' என்பதை மறைக்கும் திரையாக அங்கே மாறிவிடுகிறது. அவ்வாறு நகர்ந்து செல்பவர்கள் கொடியவர்கள் அல்லர். அவர்கள் நெஞ்சில் மூன்று அச்சங்கள் உள்ளன. குற்றவாளிக்குத் துணைபோனவன் என்ற பழி வருமோ? அவன் ஓடிவிட்டால் நான் சிறை செல்ல நேருமோ? என் பொருள் பறிபோகுமோ? இம்மூன்றையும் மார்க்கத்தின் ஒளியிலும் நாட்டுச் சட்டத்தின் ஒளியிலும் வைத்து ஆராய்வது நம் கடமையாகும்.

சொல்லிலேயே அடங்கிய பொருள்

நீதிமன்ற வளாகத்தில் நாம் அன்றாடம் கேட்கும் சொற்கள் பல, அரபு மொழியிலிருந்து உருதுவின் வழியே தமிழுக்கு வந்தவை. கைதி, வக்கீல், ஆஜர், வாய்தா, ஜாமீன் ஆகிய ஐந்தும் அத்தகையனவே. 'ளாமின்' என்னும் அரபுச் சொல், பொறுப்பேற்பவன் என்னும் பொருளது. அதுவே நம் நாவில் ஜாமீன் ஆயிற்று. 'வாய்தா' என்பதன் மூலமோ வாக்குறுதி என்னும் பொருளுடையது. எனவே ஜாமீனில் வந்தவன் வாய்தாவுக்கு ஆஜராகிறான் என்று நாம் கூறுகையில், பொறுப்பேற்ற ஒருவரின் வாக்கினால் வெளிவந்தவன், வாக்களித்த நாளில் முன்வந்து நிற்கிறான் என்றே கூறுகிறோம்.

இச்சொல்லாராய்ச்சி முதல் அச்சத்தைத் தீர்த்துவைக்கிறது. பிணை நிற்பவர், 'இவன் குற்றமற்றவன்' என்று சான்று பகர்வதில்லை. 'இவன் உரிய நாளில் வருவான். அதற்கு நான் பொறுப்பு' என்று மட்டுமே கூறுகிறார். குற்றம் உண்டா இல்லையா என்பது விசாரணையின் முடிவில் நீதிபதி கூறவேண்டியது. அதனை முன்கூட்டியே கூறும் உரிமை பிணையாளருக்கும் இல்லை. தெருவில் நின்று தூற்றுபவருக்கும் இல்லை.

யூசுஃப் நபியின் சிறைவாசம்

சிறையையும் பிணையையும் பற்றிச் சிந்திப்போருக்குத் திருமறையின் பன்னிரண்டாம் அத்தியாயமாகிய 'யூசுஃப்' ஒரு கருவூலம். யூசுஃப் (அலை) அவர்கள்மீது சாட்டப்பட்ட பழி பொய்யென்பதற்கு, அவர்களுடைய சட்டை பின்புறம் கிழிந்திருந்ததே சான்றாயிற்று. அச்சான்றுகளைக் கண்ட பின்னரும் அவர்களைச் சிலகாலம் சிறையிலிடுவதே தக்கதென அதிகாரத்தில் இருந்தோர் கருதினர் (12:35). சிறையில் இருப்பவன் என்பதனாலேயே ஒருவனைக் குற்றவாளி எனக் கொள்ளலாகாது என்பதற்கு இதனினும் சிறந்த படிப்பினை வேண்டுமோ?

அந்நபி, விடுதலை பெற்றுச் செல்லவிருந்த சிறைத்தோழர் ஒருவரிடம், தம்மைப் பற்றி மன்னரிடம் எடுத்துரைக்குமாறு கேட்டுக்கொண்டார்கள். வெளியே சென்றவர் மறந்துவிட்டார். அம்மறதியின் விலை, யூசுஃப் நபியின் வாழ்வில் மேலும் சில ஆண்டுகள் (12:42). உள்ளே இருப்பவரின் விடுதலை, வெளியே இருப்பவரின் நினைவைச் சார்ந்திருக்கிறது என்னும் உண்மையை இந்த ஒரு வசனம் நம் நெஞ்சில் பதிக்கிறது. சிறையிலிருப்பவன் தன் வக்கீலைத் தேடிச் செல்ல இயலாது. ஆணையின் நகலை வாங்க இயலாது. பிணையாளரைத் திரட்ட இயலாது. அவனுக்குக் காலும் கையும் வெளியிலிருக்கும் உறவினரே.

பின்னர் மன்னரின் அழைப்பு வந்தபோது யூசுஃப் (அலை) அவர்கள் விரைந்து வெளியேறினார்களா? இல்லை. முதலில் அப்பெண்களின் செய்தியை விசாரிக்குமாறு கூறித் தூதரைத் திருப்பியனுப்பினார்கள் (12:50). சிறைக்கதவு திறப்பது வேறு, பழி நீங்குவது வேறு என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஜாமீன் கதவைத் திறக்கும். பழியை நீக்குவது விசாரணையே. ஆகவே ஜாமீனில் வருபவன் விசாரணைக்கு அஞ்சி ஒளிபவனாக இருத்தலாகாது. அதனை எதிர்நோக்கி நிற்பவனாக இருத்தல் வேண்டும்.

அதே அத்தியாயத்தில், காணாமற்போன அரசரின் அளவுப் பாத்திரத்தைக் கொணர்பவருக்கு ஓர் ஒட்டகச் சுமை தானியம் உண்டென்றும், அதற்குத் தாமே பொறுப்பாளி என்றும் ஒருவர் அறிவிக்கிறார் (12:72). பிணை மார்க்கத்தில் ஆகுமானது என்பதற்குச் சட்ட வல்லுநர்கள் இவ்வசனத்தை ஆதாரமாகக் காட்டுவர். இளைய சகோதரர் தடுத்து வைக்கப்பட்டபோது, அவருக்குப் பதிலாகத் தங்களுள் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுமாறு மற்றவர்கள் வேண்டினர். அவ்வாறு செய்வது அநீதியாகும் என யூசுஃப் (அலை) மறுத்துவிட்டார்கள் (12:79). ஒருவன் செயலுக்கு மற்றொருவன் தண்டனை ஏற்றலாகாது. இக்கருத்தை நினைவில் இருத்திக்கொள்வோம். இரண்டாம் அச்சத்துக்கு விடையளிக்க அது உதவும்.

மூன்று தீனார்களும் ஆயிரம் தீனார்களும்

பிணைக்கு அரபு மொழியில் 'கஃபாலா' என்று பெயர். மர்யம் (அலை) அவர்களைச் சிறுவயதில் ஜகரிய்யா நபியின் பொறுப்பில் இறைவன் ஒப்படைத்ததைக் கூறுமிடத்தில் (3:37) இதே வேரிலிருந்து பிறந்த சொல்லையே திருமறை ஆள்கிறது. அநாதையைப் பேணுபவரும் தாமும் சுவனத்தில் இரு விரல்களைப்போல் அருகருகே இருப்பதாக அண்ணல் நபி (ஸல்) அவர்கள் உரைத்தபோதும் இச்சொல்லையே கையாண்டார்கள். ஆகவே பிணை என்பது காகிதத்தில் கையெழுத்திடும் சடங்கு அன்று. ஓர் உயிரைப் பேணும் பொறுப்பு.

புகாரி நபிமொழித் தொகுப்பில் பதிவாகியுள்ள நிகழ்ச்சி ஒன்று. மூன்று தீனார் கடன் விட்டுச்சென்ற ஒருவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டது. கடனை அடைக்க அவர் எதையும் விட்டுச்செல்லவில்லை. தோழரே தொழுவித்துக்கொள்ளட்டும் என்று கூறி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விலகி நின்றார்கள். அப்போது அபூ கதாதா (ரலி) அவர்கள் முன்வந்து, அக்கடன் தம் பொறுப்பு என்றார்கள். அதன்பின்னரே அண்ணலார் தொழுகை நடத்தினார்கள். ஒரு மனிதரின் ஒரு சொல், இன்னொருவருக்குப் பெரும் கதவைத் திறந்துவிட்டது. இன்று மண்ணூர்பேட்டையில் அந்தத் தாய் தேடித் திரிவதும் அத்தகைய ஒரு சொல்லைத்தானே?

அதே தொகுப்பில் பனூ இஸ்ராயீல் சமூகத்து மனிதர் ஒருவரின் வரலாறும் உண்டு. ஆயிரம் தீனார் கடன் வாங்கச் சென்ற அவரிடம் பிணையாளர் கேட்கப்பட்டார். அல்லாஹ்வே தமக்குப் பிணை என்றார் அவர். கடலுக்கு அப்பால் சென்றவருக்குக் குறித்த நாளில் திரும்பக் கப்பல் கிடைக்கவில்லை. ஒரு மரக்கட்டையைக் குடைந்து, பொற்காசுகளையும் ஒரு கடிதத்தையும் உள்ளே வைத்து அடைத்து, இறைவனை நம்பிக் கடலில் விட்டார். அதனோடு அமைந்தாரா? பின்னர்க் கப்பல் கிடைத்ததும் மேலும் ஆயிரம் தீனாருடன் தாமே நேரில் சென்றார். கட்டை முன்பே உரியவரிடம் சேர்ந்திருந்தது. குறித்த நாளைக் காப்பதற்கு ஒருவர் எவ்வளவு பாடுபட வேண்டும் என்பதை இது காட்டுகிறது. ஜாமீனில் வந்த பிள்ளைகள் 'பேருந்து தவறிவிட்டது' என்று கூறி வாய்தாவைத் தவறவிடும்போது இந்த வரலாற்றை அவர்களுக்கு நினைவூட்டுவது நன்று.

காஜிகளின் தலைவர் கூறிய நெறி

சந்தேகத்தின்பேரில் ஒரு மனிதரைத் தடுத்துவைத்த நபி (ஸல்) அவர்கள், பின்னர் அவரை விடுவித்தார்கள் என்று திர்மிதீ, அபூ தாவூத் தொகுப்புகளில் காண்கிறோம். தடுத்துவைத்தல் தண்டனை அன்று. உண்மை தெளியும்வரையுள்ள ஏற்பாடே.

இமாம் அபூ ஹனீஃபா அவர்களின் மாணவரும் கலீஃபா ஹாரூன் ரஷீதின் தலைமைக் காஜியுமாக விளங்கிய இமாம் அபூ யூசுஃப், கி.பி. 798-இல் மறைந்தார். கலீஃபாவுக்காக அவர் எழுதிய 'கிதாபுல் கராஜ்' நூல் வரி பற்றியதாயினும், அதில் சிறையாளர் பற்றிய பகுதியும் உண்டு. ஒருவன் மற்றொருவன்மீது சாட்டும் குற்றச்சாட்டை மட்டும் நம்பி ஒருவரைச் சிறையிலிடலாகாது என்றும், இரு தரப்பாரையும் நேரில் கூட்டிச் சான்று இருப்பின் தீர்ப்பளிக்க வேண்டும் என்றும், சான்று இல்லையேல் பிணையாளரைப் பெற்றுக்கொண்டு விட்டுவிட வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார். பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் பாக்தாதில் கூறப்பட்ட இந்நெறி, இன்று நம் நாட்டு நீதிமன்றங்கள் கூறும் நெறிக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதை எண்ணி வியக்கலாம்.

பாட்னாவிலிருந்து எழுந்த குரல்

நம் நாட்டில் ஜாமீன் சட்டத்தின் போக்கை மாற்றிய வழக்குகளுள் தலையாயது ஒரு முஸ்லிம் பெண்ணின் பெயரைத் தாங்கியுள்ளது. அதுவே 1979-இல் உச்ச நீதிமன்றத்தில் நடந்த ஹுஸைனாரா காத்தூன் வழக்கு. பீகார்ச் சிறைகளில் விசாரணையே தொடங்காமல் ஆண்டுக்கணக்கில் வாடிய ஏழைகளைப் பற்றிக் காவல்துறை அதிகாரியாக இருந்த கே. எஃப். ருஸ்தம்ஜி நாளிதழில் எழுதினார். அதைப் படித்த வழக்கறிஞர் புஷ்பா கபிலா ஹிங்கோரானி அவர்களுக்காக உச்ச நீதிமன்றப் படியேறினார். குற்றம் நிரூபிக்கப்பட்டிருந்தால் கிடைத்திருக்கும் தண்டனைக் காலத்தையும் கடந்து பலர் உள்ளே கிடந்தனர். அவர்களுக்குப் பிணை நிற்க ஆளில்லை; பணமில்லை. விரைவான விசாரணை என்பது உயிர்வாழும் உரிமையின் பகுதியே என்று நீதிபதி பி. என். பகவதி தலைமையிலான அமர்வு அறிவித்தது.

அத்தீர்ப்பில் நம் குடும்பங்கள் கருத்திற்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஒருவன் ஓடிவிடுவானா, வருவானா என்பதைப் பணத்தைக் கொண்டு மட்டும் அளவிடலாகாது என்று நீதிமன்றம் கூறியது. அவன் அவ்வூரில் எவ்வளவு காலமாக வசிக்கிறான், என்ன தொழில் செய்கிறான், குடும்பப் பிணைப்பு எத்தகையது, முன்பு வழக்குகள் உண்டா, அவனுடைய நம்பகத்தன்மைக்கு உறுதி கூறும் பொறுப்புள்ள பெரியோர் யாவர் என்பனவெல்லாம் கருதப்பட வேண்டும் என்றது. அதாவது, சமூகத்தில் அவனுக்குள்ள வேர்களே அவனுக்குரிய உண்மையான பிணை. அவ்வேர்களை நீதிமன்றத்துக்குக் காட்ட வேண்டியவர்கள் நாமே.

அதற்கு முந்தைய ஆண்டாகிய 1978-இல் மோத்திராம் என்னும் கொத்தனாரின் வழக்கு வந்தது. உச்ச நீதிமன்றம் ஜாமீன் வழங்கியும், கீழ்நீதிமன்றம் பத்தாயிரம் ரூபாய்க்குப் பிணை கேட்டது. அவருடைய சகோதரர் முன்வந்தார். அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருப்பதாகக் கூறி அப்பிணை மறுக்கப்பட்டது. நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் இதனைக் கடிந்தார். தொலைதூர ஊரொன்றில் கைதாகும் தமிழனோ மலையாளியோ அவ்வூரில் சொத்துள்ள பிணையாளருக்கு எங்கே போவான் என்னும் கருத்தில் வினவி, ஆயிரம் ரூபாய்க்கான சொந்தப் பிணைமுறியில் அவரை விடுவிக்குமாறு ஆணையிட்டார்.

அவ்வினா ஏட்டளவில் நின்றுவிடவில்லை என்பதை அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று காட்டுகிறது. கேரளத்துச் செய்தியாளர் சித்தீக் காப்பன் 2020 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தில் கைதானார். அவருடைய துணைவியார் ரைஹானத் வெளியிலிருந்து இடையறாது போராடினார். 2022 செப்டம்பர் 9-இல் உச்ச நீதிமன்றம் ஜாமீன் வழங்கியது. ஆனால் உள்ளூர்ப் பிணையாளர் கிடைப்பது அரிதாயிற்று. அவரை முன்பின் அறியாத, லக்னோ பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தராகிய முதிய பெண்மணி ரூப் ரேகா வர்மா, தம் காரின் ஆவணத்தைக் கொடுத்துப் பிணை நின்றார். மற்றொரு வழக்கில் அவ்வாண்டு டிசம்பர் 23-இல் ஜாமீன் கிடைத்தும், 2023 பிப்ரவரி 2 அன்றுதான் காப்பன் வெளியே வந்தார். அறியாத ஒருவருக்கு மாற்றுச் சமயத்தைச் சேர்ந்த மூதாட்டி பிணை நிற்கிறார். அறிந்த பிள்ளைக்கு நாம் நிற்கத் தயங்குகிறோம். சிந்திக்க வேண்டாமா?

2022 டிசம்பர் முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களுள் 4 இலட்சத்து 34 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் விசாரணைக் கைதிகள் என அரசின் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கு கூறுகிறது. நான்கு பேருக்கு மூவர் என்னும் விகிதம் அது.

பிணையாளருக்கு நேர்வது என்ன?

இனி இரண்டாம், மூன்றாம் அச்சங்களுக்கு வருவோம். குற்றம் சாட்டப்பட்டவன் வராமற்போனால், அவனுக்குரிய தண்டனை பிணையாளருக்கு வராது. அவர் இழக்கக்கூடியது, தாம் எழுதிக்கொடுத்த தொகையையே. அதுவும், ஏன் செலுத்தக்கூடாது என்று காரணம் கேட்டு அவருக்கு வாய்ப்பளித்த பின்னரே. தொகையைக் குறைக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் தொகையைச் செலுத்தாமலும், அதனை வசூலிக்க வழியில்லாமலும் போனால், ஆறு மாதம்வரை சிவில் சிறை விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. இதனை மறைத்து எவரையும் கையெழுத்திட வைத்தல் ஆகாது. அறிந்து ஏற்பதே அமானிதம். அறியாமல் சிக்கவைப்பது மோசடி.

அவன் ஓடிவிட எண்ணுகிறான் என்று தெரியவந்தால், பிணையாளர் நீதிமன்றத்துக்கு விண்ணப்பித்துத் தம் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ளலாம். நீதிமன்றம் அவனை வரவழைத்து வேறு பிணை கேட்கும். இந்த வழி திறந்தே இருக்கிறது.

குடும்பத்தார் செய்யத்தக்கவை

கைதான செய்தி வந்தவுடன் அழுது புலம்பி நாட்களைக் கழித்தல் தகாது. கைதானவரை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நீதிபதியின்முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சாசனம் வழங்கும் காப்பு. வழக்கறிஞரை அமர்த்தப் பொருளில்லையேல், காவலில் உள்ள எவரும் இலவசச் சட்ட உதவி பெற 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமை உடையவர். பெண்களுக்கும் அவ்வுரிமை உண்டு. நீதிமன்ற வளாகங்களில் இயங்கும் சட்டப்பணிகள் குழுவை அணுகலாம். 15100 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் பேசலாம்.

2024 ஜூலை முதல் நாளிலிருந்து, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. ஜாமீனில் விடத்தக்க குற்றமாயின் ஜாமீன் பெறுதல் உரிமை. ஒரு வாரத்துக்குள் பிணையாளரைத் தர இயலாதவர் ஏழை எனக் கொள்ளப்பட்டு, சொந்தப் பிணைமுறியிலேயே விடப்பட வேண்டும். ஏனைய குற்றங்களில் நீதிமன்றம் ஆராய்ந்து முடிவு செய்யும். அங்கும் பெண்கள், சிறார், நோயாளிகள் ஆகியோரின் நிலை தனியே கருதப்படும். குற்றத்தின் தன்மைக்கேற்ப அறுபது அல்லது தொண்ணூறு நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகாவிடில் ஜாமீன் கேட்கும் உரிமை பிறக்கிறது. அந்நாளைக் குடும்பத்தார் நாட்காட்டியில் குறித்துவைத்தல் வேண்டும். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ இல்லாத குற்றங்களில், வேறு வழக்குகள் நிலுவையில் இல்லாதவர், உச்ச அளவுத் தண்டனையில் பாதிக்காலம் உள்ளே இருந்துவிட்டால் விடுவிக்கக் கோரலாம். முதன்முறை குற்றம் சாட்டப்பட்டவருக்கு மூன்றில் ஒரு பங்கே போதும்.

ஜாமீன் மனுவுக்குத் துணையாகக் குடும்பம் திரட்ட வேண்டியவை, ஹுஸைனாரா காத்தூன் வழக்கு கூறிய அந்த வேர்களையே. குடும்ப அட்டை, வாடகை ஒப்பந்தம் அல்லது வீட்டுவரி ரசீது, பட்டறை உரிமையாளர் தரும் வேலைச் சான்று, பிள்ளைகளின் பள்ளிச் சான்று, தாய் தந்தையரின் மருத்துவச் சீட்டு ஆகியவற்றை வழக்கறிஞரிடம் முன்கூட்டியே ஒப்படைக்க வேண்டும். ஜமாஅத்தார் கடிதம் தருவதாயின், 'இவர் குற்றமற்றவர்' என்று எழுதுதல் பயனற்றது. இத்தனை ஆண்டுகளாக இந்த மஹல்லாவில் வசிப்பவர், இன்னாரின் மகன், இன்ன தொழில் செய்பவர், உரிய நாளில் ஆஜராக நாங்கள் துணைநிற்போம் என்று அறிந்ததை மட்டும் எழுதுவதே சிறப்பு.

பிணையாளரின் ஒளிப்படமும் இடக்கைப் பெருவிரல் ரேகையும் பிணைமுறியில் இடம்பெற வேண்டும் என்பதும், அடையாளத்துக்கு ஆதார் அட்டை அல்லது வங்கிப் புத்தகத்தின் நகல் பெறலாம் என்பதும் நம் உயர் நீதிமன்ற ஆணைகளில் வழக்கமாகக் காணப்படுவன. தாம் இதற்குமுன் எத்தனை பேருக்குப் பிணை நின்றுள்ளார் என்பதையும் அவர் அறிவிக்க வேண்டும். நீதிமன்ற வாயில்களில் கூலிக்குப் பிணை நிற்க ஆள் தருவதாகக் கூறும் தரகரை நாடலாகாது. போலிச் சான்று பிடிபட்டால், திறந்த கதவும் மூடிக்கொள்ளும். பொய்ச்சான்று பெரும் பாவம் என்பதையும் நாம் அறிவோம்.

ஆணை கிடைத்தும் பிணை கிடைக்காதோர் மனம் தளர வேண்டா. ஜாமீன் வழங்கப்பட்டு ஏழு நாட்களுக்குள் விடுதலையாகாதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரி 31-இல் உச்ச நீதிமன்றம் பணித்தது. ஒரு மாதம் கடந்தும் பிணைமுறி தர இயலாவிடில், நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே கருதலாம். உள்ளூர்ப் பிணையாளரே வேண்டும் என்று வற்புறுத்துதல் தாமதத்துக்கு ஒரு காரணம் என்றும் அது சுட்டிக்காட்டியது.

எல்லை எது?

உறவின் பாசம் நீதியின் வரம்பைக் கடத்தலாகாது. உயர்குலப் பெண்ணொருத்தியின் திருட்டு மெய்ப்பிக்கப்பட்ட பின்னர், அவளுக்காகப் பரிந்து பேச உஸாமா (ரலி) அவர்கள் வந்தபோது, தம் அருமை மகளே ஆயினும் சட்டத்தை விட்டுக்கொடுக்க இயலாது என்று நபி (ஸல்) அவர்கள் கடிந்துரைத்தார்கள். மெய்ப்பிக்கப்பட்ட குற்றத்தை மூடுவதற்கான பரிந்துரை வேறு. விசாரணைக்கு முன் வெளியிலிருந்து வழக்கை எதிர்கொள்ள வாய்ப்புக் கேட்பது வேறு. முன்னது தடுக்கப்பட்டது. பின்னது, நற்காரியத்துக்குப் பரிந்துரைப்போருக்கு அதில் பங்குண்டு என்னும் வாக்கின் (4:85) கீழ் வருவது.

ஆகவே புகார் கொடுத்தவர் வீட்டுக்குச் சென்று கெஞ்சுவதும் மிரட்டுவதும், சாட்சிகளிடம் பேரம் பேசுவதும் அறவே கூடாது. சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்துக்குள்ளாகிறது என்று திருமறை எச்சரிக்கிறது (2:283). சட்டத்தின் கண்ணிலும் அஃது ஜாமீனை இரத்து செய்யப் போதிய காரணம். தாய் தந்தையருக்கும் உறவினருக்கும் எதிராயினும் நீதியில் நிலைத்து நில்லுங்கள் என்பதே இறைவனின் கட்டளை (4:135). அடிபட்டவரும் ஒரு தாயின் பிள்ளையே. அவன் வெளியே வந்தால் மனைவிக்கோ அண்டைவீட்டாருக்கோ தீங்கு நேரும் என்று மெய்யாகவே அஞ்சினால், பிணை நிற்க மறுப்பதும் ஒரு நேர்மைதான். அவ்வாறு மறுப்பவர் காரணத்தை வெளிப்படையாகக் கூறட்டும். 'இன்ஷா அல்லாஹ்' என்று கூறி நழுவ வேண்டா.

வெளியே வந்தபின் தொடங்கும் கடமை

பிணைமுறியில் மை உலர்ந்ததும் கடமை முடிந்துவிடுவதில்லை, அன்றுதான் தொடங்குகிறது. காவல் நிலையத்தில் நாள்தோறும் கையெழுத்திட வேண்டும் என்பது நிபந்தனையாயின், அவன் நேரந்தவறாமல் செல்கிறானா என்று பார்க்க வேண்டும். வாய்தா நாளுக்கு முந்திய இரவே நினைவூட்ட வேண்டும். தேவையெனில் உடன் செல்ல வேண்டும். வேலையிழந்திருந்தால் வேலை தேடித் தர வேண்டும். வெளிவர இயலாதவர்களின் குடும்பத்தையும் மறந்துவிடலாகாது. ஏழைக்கும் அநாதைக்கும் அடுத்தபடியாகச் சிறைப்பட்டவரை நிறுத்தி, அவர்களுக்கு உணவளிப்போரைத் திருமறை போற்றுகிறது (76:8). மஹல்லாவில் சட்டம் பயின்ற இளைஞர் இருவர், சான்று திரட்டித் தரும் பெரியவர் ஒருவர், பிணை நிற்க இசைந்தோர் சிலர் எனப் பெயர்கள் முன்கூட்டியே ஜமாஅத்தில் குறித்துவைக்கப்படுமானால், எந்தத் தாயும் பள்ளிவாசல் வாயிலில் காகிதத்தோடு நிற்க நேராது.

யூசுஃப் (அலை) அவர்கள் பல்லாண்டுகளுக்குப் பின் பெற்றோருடன் இணைந்தபோது இறைவனின் பேரருள்களை எண்ணி நன்றி கூறினார்கள். அப்போது சகோதரர்கள் தள்ளிய கிணற்றைக் குறிப்பிடவில்லை. தம்மைச் சிறையிலிருந்து வெளியேற்றியதை இறையருளாக நினைவுகூர்ந்தார்கள் (12:100). சிறையிலிருந்து ஒருவரை முறைப்படி வெளிக்கொணர்தல், இறைவன் தன் அருளை நிறைவேற்றும் வழிகளுள் ஒன்று. அவ்வழியில் ஒரு சிறு கருவியாகும் பேறு, அடுத்த வெள்ளிக்கிழமை நம் பள்ளிவாசல் வாயிலிலேயே நமக்காகக் காத்திருக்கக்கூடும்.

அந்தத் தாயின் கையிலுள்ள காகிதத்தை வாங்கிப் படிக்கும் துணிவையும், படித்தபின் பொறுப்பேற்கும் உள்ளத்தையும், ஏற்ற பொறுப்பை வாய்மையோடு நிறைவேற்றும் ஆற்றலையும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.